ஒன்று விழுந்தாலும் கோலம் கலையக் கூடாது!

வாசலில் புள்ளிக் கோலம் போடுபவர்களுக்குத் தெரியும். ஒரு புள்ளி தப்பினால் சிக்கு அவிழாது. சுற்றிச் சுற்றி வந்து எங்கேயோ முட்டி நிற்கும். அழித்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான்.

இப்போது அதே புள்ளிக் கோலத்தை வானத்தில் போடுகிறார்கள். ஒவ்வொரு புள்ளியும் விளக்கு கட்டிய ஒரு குட்டி ட்ரோன். 2022 ஜனவரி 29 அன்று டெல்லி விஜய் சௌக்கில் நடந்த படைகள் பாசறை திரும்பும் விழாவில், 1,000 ட்ரோன்கள் ஒன்றாக எழும்பி இந்திய வரைபடம் உள்பட பல உருவங்களைக் காட்டின. ஐ.ஐ.டி டெல்லியில் முளைத்த ‘பாட்லேப் டைனமிக்ஸ்’ என்ற இளைஞர் நிறுவனம் செய்த வேலை அது. சீனா, ரஷ்யா, பிரிட்டனுக்கு அடுத்து 1,000 ட்ரோன்களை ஒன்றாகப் பறக்கவிட்ட நான்காவது நாடு இந்தியா என்று அப்போது அறிவித்தார்கள். 2024 அக்டோபரில் விஜயவாடாவில் அந்த எண்ணிக்கை 5,500-ஐத் தொட்டது.

அண்ணாந்து பார்க்கும்போது நம் மனதில் ஒரு கேள்வி வருமே… “நடுவுல ஒண்ணு கெட்டுப் போச்சுன்னா?”

குழந்தைகள் சட்டென்று கேட்டுவிடும் கேள்வி. ஆனால், உலகம் முழுக்கப் பொறியியல் ஆய்வுக்கூடங்களில் பல ஆண்டுகளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் கேள்வியும் இதுதான். பல இயந்திரங்கள் ஓர் அணியாக இயங்கும்போது, அதில் ஒன்றிரண்டு பழுதானாலும் அணி கலையாமல், யாரையும் காயப்படுத்தாமல் வேலையை முடிப்பது எப்படி?

இதைப் புரிந்துகொள்ள டெல்லிக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டியதில்லை. திருப்பூர் மாவட்டம், தாராபுரம் வட்டாரத்தில் இருக்கும் குண்டடத்துக்கு வந்தாலே போதும்.

பவர் டேபிளில் ஒரு பாடம்

குண்டடம் சுற்றுவட்டாரத்தில் பனியன் கம்பெனி வேலைக்குப் போகாத ஆள் இருக்கும் வீடுகள் குறைவு. காலையில் கம்பெனி வேன் வரும், ஏறினால் திருப்பூரோ பல்லடமோ. அங்கே தையல் பிரிவில் ‘பவர் டேபிள்’ என்று சொல்லும் வரிசையில் ஒருவர் ஓவர்லாக், அடுத்தவர் பேட்லாக், அதற்கடுத்தவர் சிங்கர் என்று டெய்லர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பக்கத்தில் துணியை எடுத்துக் கொடுக்கவும் மடிக்கவும் கைமடி ஆட்கள். ஒரு டி-சர்ட் இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு நகர்ந்துகொண்டே போய்க் கடைசியில் முழுசாக வெளியே வரும்.

நடுவில் ஒரு டெய்லருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். சூப்பர்வைசர் இல்லாத வரிசையாக இருந்தால், அவருக்கு முன்னால் பீஸ் மலையாகக் குவியும். அவருக்குப் பின்னால் இருப்பவர்கள் சும்மா கைகட்டி உட்கார்ந்திருப்பார்கள். ஆள் குறைந்தது ஒன்று. வேலை நின்றதோ பாதி வரிசைக்கு.

விவரமான சூப்பர்வைசர் என்ன செய்வார்? முதலில், எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிப்பார். அடுத்து, அந்த மெஷின் ஓட்டத் தெரிந்த இன்னொருவரை அங்கே மாற்றுவார். மூன்றாவதாக, வேகம் கொஞ்சம் குறையும் என்று ஏற்றுக்கொண்டு, அன்றைய கணக்கைத் திருத்துவார். கண்டுபிடி, இடம் மாற்று, குறைந்த வேகத்திலாவது ஓட்டு. விஞ்ஞானிகள் ட்ரோன் கூட்டத்துக்குச் சொல்லிக் கொடுக்க முயல்வதும் இந்த மூன்றைத்தான். ஒரே வித்தியாசம், வானத்தில் சூப்பர்வைசர் எழுந்து நடந்து வந்து பார்க்க முடியாது. அரை நொடி தாமதித்தாலும் பக்கத்து ட்ரோன் மோதிவிடும்.

‘கண்டுபிடி’ என்பதற்கும் நிட்டிங் யூனிட்டிலேயே உதாரணம் இருக்கிறது. வட்ட நிட்டிங் மெஷினில் ஒரு நூல் அறுந்தால் மெஷின் தானாக நின்று விளக்கு எரியும். அது நல்ல பழுது. தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஆனால், ஓர் ஊசியின் கொக்கி லேசாகப் பழுதானால்? மெஷின் நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும். துணி முழுக்க ஒரு கோடு விழுந்து, செக்கிங்கில்தான் தெரியும். அதற்குள் பல மீட்டர் துணி வீண். நின்று போகும் பழுதைவிட, ஓடிக்கொண்டே கெடுக்கும் பழுதுதான் ஆபத்து. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முன்னாடு கிணற்றில் விழுந்தால்…

பல ட்ரோன்களை அணியாக ஓட்ட மிகச் சுலபமான வழி, ஒன்றைத் தலைவனாக்கி மற்றவற்றை அதன் பின்னால் போகச் சொல்வது. குண்டடம் பக்கம் மேய்ச்சல் காடுகளில் செம்மறி ஆடு ஓட்டுபவர்கள் இதைத் தினமும் பார்க்கிறார்கள். முன்னால் போகும் ஆடு எங்கே திரும்புகிறதோ, மந்தையும் அங்கே திரும்பும். ஓட்டுவது சுலபம். ஆனால், முன்னாடு தவறிக் கிணற்று மேட்டில் ஏறினால், பின்னால் வருவதும் ஏறும். தலைவனை மட்டும் நம்பிய அணியின் பலவீனம் இது.

இன்னொரு வழி பறவைகளுடையது. 1987-ல் கிரெய்க் ரெனால்ட்ஸ் என்ற கணினி நிபுணர், பறவைக் கூட்டத்தைக் கணினித் திரையில் உருவாக்க மூன்றே விதிகள் போதும் என்று காட்டினார். பக்கத்தில் இருப்பவரை இடிக்காதே. பக்கத்தில் இருப்பவர் போகும் திசையில் போ. கூட்டத்தை விட்டு விலகாதே. தலைவனே இல்லை! 1992-ல் வந்த ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ படத்தின் வௌவால் கூட்டம் இந்த முறையில் உருவானதுதான்.

நிஜப் பறவைகள் எப்படிச் செய்கின்றன? ரோம் நகரத்து வானில் மாலை நேரத்தில் சுழலும் மைனா இனப் பறவைக் கூட்டங்களைப் படமெடுத்து அளந்த இத்தாலிய ஆய்வாளர்கள், 2008-ல் ஓர் ஆச்சரியமான முடிவைச் சொன்னார்கள். ஒவ்வொரு பறவையும் கூட்டம் முழுவதையும் கவனிப்பதில்லை. தனக்கு நெருக்கமான ஆறு, ஏழு பறவைகளை மட்டும் கவனிக்கிறது. வல்லூறு பாய்ந்து கூட்டம் சிதறி இடைவெளி அதிகமானாலும், அதே ஆறு, ஏழு உறவு தொடர்கிறது. அதனால்தான் கூட்டம் உடைவதில்லை.

திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்கு ஆண்டுதோறும் வரும் பட்டைத்தலை வாத்துகளைப் பார்த்தவர்கள், அவை ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் பறப்பதைக் கவனித்திருப்பார்கள். இதே வடிவில் பறக்கும் இன்னொரு பறவையான வடக்கத்தி அரிவாள்மூக்கனை ஆராய்ந்தபோது, முன்னால் பறக்கும் சிரமமான இடத்தை அவை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வது தெரியவந்தது. தலைமை என்பது அங்கே பட்டம் அல்ல, முறை வைத்துச் செய்யும் வேலை. ஒருவர் களைத்தால் அடுத்தவர் தயார்.

கட்டில் சட்டமும் குறுக்குக் கம்பியும்

சரி, எத்தனை பக்கத்து வீட்டுக்காரர்களைப் பார்த்தால் போதும்? இதற்கு ஒரு சின்ன கணக்கு இருக்கிறது. வீட்டில் சில குச்சிகளும் கொஞ்சம் நூலும் இருந்தால் செய்து பார்க்கலாம்.

நான்கு குச்சிகளை முனையில் கட்டி ஒரு சதுரம் செய்யுங்கள். லேசாக அழுத்தினால் சாய்ந்துவிடும். நான்கு பக்கத்தின் நீளமும் மாறவில்லை, ஆனாலும் உருவம் போய்விட்டது. இப்போது மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் குச்சி கட்டுங்கள். அசையாது. நான்கு ட்ரோன்கள் ஒரு சதுரமாக நிற்க, ‘உனக்கும் எனக்கும் இவ்வளவு தூரம்’ என்ற ஐந்து ஒப்பந்தங்கள் தேவை என்று இதற்கு அர்த்தம்.

ஆனால், அந்த ஐந்தில் ஒன்று அறுந்தால்? மறுபடி சாய்ந்துவிடும். எனவே இன்னொரு மூலைவிட்டத்தையும் கட்டுங்கள். இப்போது ஆறு. எந்த ஒன்றை அறுத்தாலும் மீதி ஐந்து சதுரத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஆறாவது குச்சி நல்ல நாளில் சும்மா இருப்பது போலத் தெரியும். கெட்ட நாளில் அதுதான் அணியைக் காப்பாற்றும்.

தாராபுரம், உடுமலை பக்கம் பழைய காற்றாலைகளின் கம்பிக் கோபுரங்களைப் பார்த்திருக்கிறீர்களா? குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள் ஓடும். அதே தத்துவம்தான்.

பொய் சொல்லும் ட்ரோன்

ட்ரோனுக்கு வரும் பழுதுகளைப் பெரிதாக மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, பேட்டரி தீர்ந்தோ மோட்டார் எரிந்தோ விழுந்துவிடுவது. கோலத்தில் ஒரு விளக்கு அணையும். பக்கத்தில் இருப்பவை சற்று நகர்ந்து இடத்தை நிரப்பலாம், அல்லது கீழே தயாராக நிற்கும் மாற்று ட்ரோன் மேலே வரலாம்.

இரண்டாவது வகை, பாதி பலத்தோடு பறப்பது. சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் உள்ள ஈ.டி.ஹெச் பல்கலைக்கழகத்தில் மார்க் முல்லர், ரஃபேல்லோ டி ஆண்ட்ரியா இருவரும் சுமார் பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு சோதனை செய்து காட்டினார்கள். நான்கு விசிறி ட்ரோனில் ஒரு விசிறியை இழந்த பிறகும் அது விழவில்லை. பம்பரம் போலத் தன்னைத் தானே சுற்றிக்கொண்டு, ஆனால் நினைத்த இடத்தில் நின்றது. ‘ஒரே திசையைப் பார்த்து நிற்க வேண்டும்’ என்ற ஆசையை விட்டுக்கொடுத்து, ‘விழக் கூடாது’ என்பதைக் காப்பாற்றிக்கொண்டது. எதை விடலாம், எதை விடக் கூடாது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம்!

மூன்றாவது வகைதான் நாம் முன்பு பார்த்த பழுதான ஊசி. ட்ரோன் நன்றாகத்தான் பறக்கிறது, ஆனால் தன் இடத்தைத் தப்பாகச் சொல்கிறது. “நான் பத்து மீட்டர் தள்ளி இருக்கிறேன்” என்கிறது, இருப்பதோ பக்கத்தில். அதை நம்பிய பக்கத்து ட்ரோன்கள் தப்பான இடத்துக்கு நகரும். அவற்றை நம்பியவையும் நகரும். ஒரு பொய் கூட்டம் முழுக்கப் பரவிவிடும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வதந்தி பரவுவது போலத்தான்.

1982-ல் லெஸ்லி லாம்போர்ட், ராபர்ட் ஷோஸ்டாக், மார்ஷல் பீஸ் என்ற மூன்று கணினி அறிஞர்கள் இதைப் ‘பைசாண்டியத் தளபதிகள்’ என்ற கதையாகச் சொன்னார்கள். ஒரு நகரத்தை முற்றுகையிட்ட தளபதிகளில் ஒருவர் துரோகி. ஒருவரிடம் ‘தாக்கு’ என்பார், இன்னொருவரிடம் ‘பின்வாங்கு’ என்பார். வெறும் வாய்ச்செய்தியை வைத்துக்கொண்டு மற்றவர்கள் ஒரே முடிவுக்கு வர முடியுமா? மூன்று பேரில் ஒருவர் துரோகியாக இருந்தால் முடியாது என்று நிரூபித்தார்கள். நான்கு பேரில் ஒருவர் என்றால் முடியும். அதாவது ஒரு பொய்யைத் தாங்க மொத்தம் நான்கு பேர் வேண்டும், இரண்டு பொய்களைத் தாங்க ஏழு பேர்.

இன்றைய ஆய்வுகளில் இதற்குக் கைகொடுக்கும் ஓர் எளிய உத்தி உண்டு. பக்கத்து ட்ரோன்கள் சொல்வதில் மிக அதிகமானதையும் மிகக் குறைவானதையும் தள்ளிவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்வது. சந்தையில் ஆட்டுக்கு விலை விசாரிக்கும்போது, அநியாயமாகக் கூட்டிச் சொன்னவரையும் அடிமாட்டு விலைக்குக் கேட்டவரையும் விட்டுவிட்டு நடு விலையைப் பிடிப்போம் இல்லையா, அதேதான்.

விண்வெளியில் ‘பொறு’ என்று சொன்ன நாள்

இந்த விஷயத்தில் உலகமே கவனித்த இரண்டு சம்பவங்கள் நம் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவில் தொடங்கியவை.

2024 டிசம்பர் 4. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ‘ப்ரோபா-3’ இரட்டைச் செயற்கைக்கோள்களை இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி ஏவவிருந்தது. ஒரு செயற்கைக்கோள் 1.4 மீட்டர் தட்டால் சூரியனை மறைக்கும். சுமார் 150 மீட்டர் பின்னால் இன்னொன்று அந்த நிழலுக்குள் நின்று சூரியனின் ஒளிவட்டத்தைப் படமெடுக்கும். இரண்டும் மில்லிமீட்டர் துல்லியத்தில் அணி பிசகாமல் நிற்க வேண்டும். செயற்கையாக ஒரு சூரிய கிரகணம்!

ஏவும் நேரம் நெருங்கியபோது, ஒரு கோளில் கோளாறு தெரிந்தது. அதுவும் முதன்மை அமைப்பில் அல்ல, மாற்று ஏற்பாடாக வைத்திருந்த உந்து அமைப்பில். ‘முக்கியமானதுதான் நன்றாக இருக்கிறதே, அனுப்பிவிடலாம்’ என்று யாரும் சொல்லவில்லை. நிறுத்தினார்கள், சரிசெய்தார்கள், மறுநாள் மாலை 4.04 மணிக்கு ஏவினார்கள். ஆறாவது குச்சிக்கு அவர்கள் கொடுத்த மரியாதை அது. 2025 ஜூனில் அந்த ஜோடி எடுத்த முதல் படங்கள் வெளியாயின.

அடுத்தது நம்முடைய ‘ஸ்பேடெக்ஸ்’. 2024 டிசம்பர் 30 அன்று ஏவப்பட்ட, தலா 220 கிலோ எடையுள்ள இரண்டு செயற்கைக்கோள்கள் விண்வெளியில் ஒன்றையொன்று நெருங்கி இணைய வேண்டும். 5 கிலோமீட்டர், 1.5 கிலோமீட்டர், 500 மீட்டர், 225 மீட்டர், 15 மீட்டர், 3 மீட்டர் என்று படிப்படியாக நின்று நின்று நெருங்கும் திட்டம். ஜனவரி 7 என்றார்கள், 9 என்று மாற்றினார்கள். 225 மீட்டரை நோக்கி நகர்த்தும்போது, எதிர்பார்த்ததைவிட அதிகமாக விலகல் தெரிந்தது. மறுபடி தள்ளிவைத்தார்கள். பிறகு 3 மீட்டர் வரை கொண்டுவந்து பார்த்து, இணைக்காமலேயே மறுபடி பின்னால் நகர்த்தினார்கள்!

ஜனவரி 16 காலை இரண்டும் இணைந்தன. அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து இதைச் செய்த நான்காவது நாடு இந்தியா. கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான வி.நாராயணன் இஸ்ரோ தலைவர் பொறுப்பேற்ற அதே வாரம் அது. வழி நெடுக ‘இங்கே நிற்கலாம், இங்கிருந்து திரும்பலாம்’ என்ற இடங்களை வைத்திருந்ததால்தான் விலகல் விபத்தாக மாறவில்லை.

எல்லாம் சேர்ந்து தோற்ற இரவுகள்

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் தோற்பது உண்டா? உண்டு.

2023 ஜூலை 14. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து நீர்முகப்பில் 500 ட்ரோன்கள் எழும்பின. அவற்றில் 427 கட்டுப்பாட்டை இழந்து தண்ணீரில் விழுந்தன. காரணம் காற்று. மேலே வீசிய காற்று அந்த ட்ரோன்கள் தாங்கக்கூடிய அளவைத் தாண்டியிருந்தது என்று அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு ஆணையம் விசாரித்துச் சொன்னது.

2024 டிசம்பர் 21. அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரத்து ஏரிக்கரையில் கிறிஸ்துமஸ் ட்ரோன் காட்சி. பறந்த பாதை 7 டிகிரி திரும்பியிருந்தது. கடைசியாகத் திருத்திய தகவல் கோப்பும் ட்ரோன்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முதற்கட்ட விசாரணை சொன்னது. ட்ரோன்கள் ஒன்றோடொன்று மோதின. சில, கூட்டத்துக்குள் பாய்ந்தன. வேடிக்கை பார்க்க வந்த 7 வயதுச் சிறுவன் படுகாயமடைந்தான்.

இரண்டிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. கெட்டது ஒரு ட்ரோன் அல்ல. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று கெட்டது. பவர் டேபிளில் ஒரு டெய்லர் வராவிட்டால் சமாளிக்கலாம், கரன்ட் போனால் எத்தனை டெய்லர் இருந்து என்ன? ஆறாவது குச்சி, நான்காவது தளபதி என்று நாம் பார்த்த ஏற்பாடுகள் எல்லாம் ‘ஒன்றிரண்டு கெடும், மற்றவை நன்றாக இருக்கும்’ என்ற நம்பிக்கையில் கட்டியவை. ஒரே காற்று, ஒரே தப்பான கோப்பு என்று வரும்போது அந்த நம்பிக்கை உடைகிறது. அப்போது காப்பாற்றுவது கணக்கு அல்ல. ‘இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்லும் துணிச்சலும், கூட்டத்துக்கும் ட்ரோனுக்கும் இடையில் விட்ட தூரமும்தான்.

குண்டடத்துக் காற்றில்…

இது நமக்கு எதற்கு என்று கேட்கிறீர்களா? பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இந்தப் பக்கம் எப்படி அடிக்கும் என்பது ஊருக்கே தெரியும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், குட்டி ட்ரோன் எம்மாத்திரம்? கோயில் திருவிழா, கட்சி மாநாடு, கல்யாணம் என்று ட்ரோன் காட்சிகள் சின்ன ஊர்களுக்கும் வரத் தொடங்கினால், முதலில் கேட்க வேண்டியது ‘எத்தனை ட்ரோன்’ என்பதை அல்ல, ‘எவ்வளவு காற்று வரை’ என்பதைத்தான்.

வயலிலும் இதே கதைதான். மக்காச்சோளத்துக்கும் சின்ன வெங்காயத்துக்கும் மருந்தடிக்கும் ட்ரோன்கள் வந்துவிட்டன. மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 15,000-க்கு ட்ரோன் கொடுக்க, 80 சதவிகிதம் வரை, அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியத்தோடு மத்திய அரசு ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தை 2023-ல் அறிவித்தது. இன்று பொதுவாக ஒரு வயலுக்கு ஒரு ட்ரோன். நாளை மூன்று ட்ரோன்கள் மூன்று பட்டையாகப் பிரித்து அடிக்கலாம். நடுவில் ஒன்றின் பேட்டரி தீர்ந்தால்? அந்தப் பட்டையில் மருந்தே விழாமல் பூச்சி தங்கும். இன்னொன்று வந்து முதலிலிருந்து அடித்தால் இரட்டை மருந்து விழுந்து பயிர் கருகும். நின்ற இடத்தைச் சரியாகக் குறித்துவைத்து, மீதியை மட்டும் மற்ற இரண்டும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அணி கலையாமல் இருப்பது என்பது இங்கே அழகுக்காக அல்ல, விளைச்சலுக்காக.

ட்ரோன் காட்சி பார்க்கப் போகிறீர்களா?

• ட்ரோன்களுக்கு நேர் கீழே நிற்காதீர்கள். தடுப்புக்கு வெளியே, தள்ளி நின்றால் கோலமும் நன்றாகத் தெரியும்.

• குழந்தைகளைக் கைப்பிடியில் வைத்திருங்கள். விழுந்த ட்ரோனை எடுக்க ஓடவிடாதீர்கள். விசிறியும் பேட்டரியும் ஆபத்தானவை.

• தரையில் காற்று இல்லை என்பதால் மேலேயும் இல்லை என்று நினைக்காதீர்கள்.

• விழா நடத்துபவராக இருந்தால், அனுமதி, காப்பீடு, காற்று வேக வரம்பு, நிறுத்தும் முடிவை எடுப்பவர் யார் என்ற நான்கையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

• ‘காற்று அதிகம், காட்சி ரத்து’ என்று அறிவித்தால் சத்தம் போடாதீர்கள். அந்த நிறுவனம் தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது.

ஒன்றுமே கெடாத அணியை யாராலும் கட்ட முடியாது. குடும்பமானாலும், பவர் டேபிளானாலும், வானத்து ட்ரோன்களானாலும் ஒருவர் எப்போதாவது விழத்தான் செய்வார். பக்கத்தில் இருப்பவருக்கு அது உடனே தெரிய வேண்டும், தாங்கிப் பிடிக்க இன்னொரு கை இருக்க வேண்டும், முடியாத நாளில் வீட்டுக்குத் திரும்பும் வழி இருக்க வேண்டும். அடுத்த முறை வானத்துக் கோலத்தில் ஒரு விளக்கு அணைந்து, மற்றவை சத்தமில்லாமல் நகர்ந்து இடத்தை நிரப்பினால், அதற்கும் சேர்த்து ஒரு கைதட்டு கொடுங்கள்!